பதினேழாம் எண் பயணி

தாத்தா கப்பலில் ஏறி வந்ததற்குச் சான்று கொடுத்தால்தான் அப்பாவின் குடியுரிமை அட்டையைப் புதுப்பிப்போம் என்று கடிதம் வந்தது. இருபது நாள் கெடு. தவறினால் விசாரணை. நாற்பது வருடம் மின்கம்பம் ஏறிய அப்பா, அதைப் படித்துவிட்டு உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். குழாயில் ஒட்டிய பெயரும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் ஆவணக் காப்பகத்துக்கு நானே கிளம்பினேன். கையில் தாத்தாவின் பயணச் சீட்டு: பெயர், கப்பல், எண் பதினேழு.

கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த எழுத்தர் அம்மாள் இரண்டு பதிவேடுகளைக் கொண்டுவந்து வைத்தார். "இது கப்பல் ஏறினவங்க லிஸ்ட். இது வழியில நடந்ததை எழுதினது. மெதுவாப் புரட்டும்மா, தொட்டாலே தூளாகுது."

முதல் பதிவேட்டில் பதினேழாம் எண்ணில் தாத்தாவின் பெயர் இருந்தது. வயது இருபத்தாறு, தச்சர். அப்பாடா என்றிருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டாவதையும் திறந்தேன்.

பதினேழு: ஒன்பதாம் நாள் காய்ச்சலில் மரணம். உடல் கடலில் விடப்பட்டது.

அடுத்த வரி, பதினெட்டு: வயது பத்தொன்பது. கொலை வழக்கில் தேடப்படுபவர். கரை சேர்ந்தபோது காணவில்லை.

பதிவேட்டை மூடிவிட்டு வெளியே ஓடிவந்து அத்தைக்குப் போன் செய்தேன்.

"அத்தை, தாத்தாவோட நிஜப் பேரு என்ன?"

"போனை வை. வீட்டுக்கு வா."

போனதும் கதவைத் தாழிட்டாள் அத்தை. "எங்கப்பா என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. அவரோட அண்ணனை ஊர்ப் பெரிய மனுஷனோட ஆளுங்க அடிச்சே கொன்னாங்க. பார்த்த சாட்சி இவர் ஒருத்தர். பழியைத் தூக்கி இவர் தலையிலயே போட்டுட்டாங்க. தப்பிச்சுக் கப்பல் ஏறினார். பக்கத்துப் படுக்கைத் தச்சருக்குக் காய்ச்சல். தண்ணி கொடுத்துப் பார்த்துக்கிட்டது இவர்தான். சாகும்போது அவரே சீட்டை இவர் கையில வெச்சாராம். இறங்கற இடத்துல சீட்டை மட்டும்தான் பார்த்தாங்களாம்."

"அவரேதான் கொடுத்தாரா, அத்தை?"

"எங்கப்பா அப்படித்தான் சொன்னாரு" என்றாள் அத்தை. என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் நகல் வாங்கப் போனேன். எழுத்தர் அம்மாளின் மேசையில் இரண்டாவது பதிவேடு திறந்து கிடந்தது. நான் அவசரத்தில் உள்ளேயே விட்டுப்போன தாத்தாவின் சீட்டு அந்தப் பக்கத்தின் மேல் இருந்தது.

"பதினேழுக்குத்தானே நகல்?"

தலையை ஆட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கி அந்த வரியை இன்னொரு முறை படித்தார். வாசலில் நின்ற காவலாளியை அவர் கூப்பிடுவார் என்றே நினைத்தேன்.

"அப்பாவுக்கு என்ன வயசு?"

"எழுபது."

அவர் இரண்டாவது பதிவேட்டை மூடினார். "ஏறினவங்க லிஸ்ட்டைத்தான் கேட்டிருக்காங்க. கேட்டதைக் கொடுக்கறதுதான் என் வேலை." முத்திரை விழுந்த சத்தத்தில் துள்ளிவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் அட்டை வந்தது. அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்போ என் இனிஷியல்?"

"செத்துப்போனவரோடது."

அட்டையைத் திருப்பிப் பார்த்தபடி அப்பா கேட்டார்: "அவருக்குக் குடும்பம் இருந்துதா?"

"பொண்டாட்டி, ஒரு பொண்ணு. ஊர்ல இருக்கறதா லிஸ்ட்ல இருந்துது."

"எங்கப்பா அந்தப் பேர்ல இறங்கிட்டாரே. ஊர்ல அவங்களுக்குச் சாவுச் செய்தியே போயிருக்காது. தேடு."

"தேடினா நம்ம கதையும் வெளிய வந்துடும்ப்பா. அட்டையைப் பிடுங்கிடுவாங்க."

"தெரியும். தேடு" என்றார் அப்பா. அட்டையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.