லிட்டி வண்டிக்காக ரிதம்பரா பேசியது

ரிதம்பரா திவாரியிடம் எதையும் கேட்டு ஒரு நேர்ப்பதில் வாங்கிவிட முடியாது. மின்விசிறியைப் போடட்டுமா என்று கேட்டால்கூட, காற்றின் அவசியத்தைச் சொல்லி, மின்கட்டணச் சுமையையும் சொல்லி, ஜன்னலைத் திறக்கலாம் என்று ஒரு தீர்வோடு முடிப்பாள். அறைத்தோழி கௌசருக்கு இது பழகிப்போய்விட்டது.

"ஏண்டி, கல்யாணத்துல சம்மதமான்னு கேட்டாலும் இப்படித்தான் இழுப்பியா? மாப்பிள்ளை எழுந்து ஓடிடுவான்."

"பயிற்சிடி. இன்டர்வியூ வருதில்ல?"

டெல்லி முகர்ஜி நகரின் ஐ.ஏ.எஸ். பயிற்சி மையங்களில் இதைத்தான் ஓதி ஓதி வளர்க்கிறார்கள். நேர்முகத் தேர்வில் எந்தப் பக்கமும் சாயக்கூடாது. கேள்வி வந்ததும், 'மிக முக்கியமான கேள்வி சார்' என்று மெல்லச் சிரிக்க வேண்டும். இரண்டு பக்கத்து நியாயத்தையும் அளந்து வைக்க வேண்டும். கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வழி சொல்ல வேண்டும். ஆளுநர் அதிகாரமா, இட ஒதுக்கீடா, ஒரே நேரத்தில் தேர்தலா, எதைப் போட்டாலும் இதே அச்சு. உத்தரப் பிரதேசத்துப் பல்லியாவிலிருந்து வந்த ரிதம்பரா இந்த வித்தையில் ஊறித் திளைத்தவள். மாதிரி நேர்முகங்களில் அவளுக்குத்தான் எப்போதும் கைதட்டல்.

அதனால்தான் சோன்மதி சாச்சி தன் வழக்கைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள்.

தெருவுக்கே சித்தி முறையான இந்தச் சாச்சி பீகார்க்காரி. பயிற்சி மையத்து வாசலில் வண்டி வைத்து, வறுத்த கடலை மாவு அடைத்த லிட்டி உருண்டைகளைக் கரியில் சுட்டு நெய்யில் முக்கி, சுட்ட கத்தரிக்காயை மசித்த சோக்காவோடு தருவாள். அந்தத் தெருவில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டுத்தான் சட்டம் படித்தார்கள். இப்போது மாநகராட்சி வட்டார அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, நடைபாதையைக் காலி செய்து பெரிய சாக்கடைக்குப் பின்னால் போகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஆட்சேபம் இருந்தால் வியாழக்கிழமை நேரில் வந்து சொல்லலாமாம்.

"சாக்கடைக்குப் பின்னாடி எவன் வந்து லிட்டி திம்பான் பிட்டியா, என் மகளே? நாயி கூட வராது. ரெண்டு பொண்ணுங்களோட நான் ஊருக்குத்தான் மூட்டை கட்டணும். நீ பேசு. நாளைக்கு ஆபீசராகப் போறவ, நீ சொன்னா கேப்பாங்க."

"கவலைய விடு சாச்சி. சட்டம் முழுசா உன் பக்கம்."

உண்மையும் அதுதான். தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை யாரையும் கிளப்பக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. அந்தப் பகுதியில் கணக்கெடுப்பே இன்னும் முடியவில்லை. இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், வேலை முடிந்தது. ஆனால் ஒரு வரியோடு நிறுத்துகிற பெண்ணா இவள்?

வியாழக்கிழமை வெளிர்நீலப் புடவையைக் கட்டிக்கொண்டாள். நேர்முகத்துக்கென்றே தைத்து வைத்திருந்த ரவிக்கை. சாச்சியும் வெளுத்த சேலையில் கூட வந்தாள். வேடிக்கை பார்க்கக் கௌசரும் ஒட்டிக்கொண்டாள். வட்டார அலுவலகத்தில் அதிகாரி சபர்வால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "சொல்லும்மா" என்றார். பொல்லாத மனிதரில்லை. காலையிலிருந்து இருபது பேருடைய புலம்பலைக் கேட்டு அலுத்திருந்தார், அவ்வளவுதான்.

ரிதம்பரா ஆரம்பித்தாள் பாருங்கள், என்ன அழகு! பிழைப்பும் வாழும் உரிமையில் அடக்கம் என்றாள். அரசியல் சாசனத்தின் இருபத்தோராம் பிரிவைச் சொன்னாள். தெருவோர வியாபாரிகள் சட்டம் எதற்காக வந்தது என்று விளக்கினாள். ஒன்றும் புரியாமலே சாச்சிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"எல்லாம் சரி. நடந்து போறவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார் சபர்வால்.

கேட்டதுதான் தாமதம், ரிதம்பராவின் உதடு தானாக மலர்ந்தது.

"மிக முக்கியமான கேள்வி சார்."

கௌசர் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"பத்திரமா நடக்கிறதும் அதே இருபத்தோராம் பிரிவுல அடக்கம்தான் சார். முதியவங்க, கர்ப்பிணிங்க, சக்கர நாற்காலில போறவங்க, இவங்களுக்கு நடைபாதைதான் உயிர். நடைபாதையில ஆக்கிரமிப்பு இருந்தா அவங்க ரோட்டுல இறங்கணும், விபத்து நடக்கும். ஆகவே ரெண்டு உரிமைக்கும் ஒரு சமநிலை வேணும். பக்கத்துலயே மாற்று இடம் ஒதுக்கினா வியாபாரியும் பிழைப்பாங்க, நகரமும் ஒழுங்கா இருக்கும்."

சபர்வாலின் அலுப்பெல்லாம் பறந்துவிட்டது. "சபாஷ்! எங்க வக்கீல்கூட இவ்வளவு தெளிவாப் பேசினதில்ல." குமாஸ்தா பக்கம் திரும்பினார். "எழுதிக்கய்யா. மாற்று இடத்துக்கு வியாபாரி தரப்பே சம்மதம். சாக்கடைக்குப் பின்னாடி..."

சாச்சிக்குச் சட்டம் தெரியாது. சாக்கடை தெரியும்.

"பிட்டியா," என்றாள். "நீ யார் பக்கம் பேச வந்த?"

ரிதம்பராவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம்! பேசிப் பேசி ஜெயித்தது இதற்குத்தானா? சொன்ன கருத்தை மாற்றினால் மதிப்பெண் போகும், தடுமாற்றம் என்று குறித்துக்கொள்வார்கள் என்று மண்டைக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்டது. குமாஸ்தாவின் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

"எழுதாதீங்க!" என்று கத்தியேவிட்டாள். "சார், நான் சொன்னது தப்பு. பழக்கதோஷத்துல உளறிட்டேன். மாற்று இடத்துக்குச் சாச்சி சம்மதிக்கவே இல்ல, அவங்ககிட்ட நான் கேக்கவும் இல்ல. இங்க கணக்கெடுப்பு முடியல. முடியற வரைக்கும் அவங்களக் கிளப்பச் சட்டத்துல இடமில்ல. அவ்வளவுதான் சார்."

"இப்பத்தான நடக்கிறவங்களப் பத்திப் பெரிசா பேசின?"

"நானே அந்தப் பாதையில தினம் நடக்கிறவ சார். சாச்சி வண்டி ஓரமாத்தான் நிக்குது. வழிய அடைக்கிறது பயிற்சி மையத்து ஜெனரேட்டரும் அவங்க மோட்டார் சைக்கிளுங்களும். அதுக்கு யாரும் விசாரணை வைக்கலையே?" மூச்சு வாங்கியது. "நான் சாச்சி பக்கம். வேற பக்கம் என்கிட்ட இல்ல."

சபர்வால் அவளையே பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு சிரித்தார்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் டீ குடிக்கப் போயிருப்பேனேம்மா." குமாஸ்தாவிடம், "அடிச்சுட்டு எழுதுய்யா. கணக்கெடுப்பு முடியற வரைக்கும் வண்டி அங்கயே இருக்கட்டும். அந்த ஜெனரேட்டரையும் போய்ப் பார்த்துட்டு வா" என்றார்.

வெளியே வந்ததும் கௌசர் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "யப்பா! கவுத்தியே, அப்புறம் நிமித்தியே! பாதி உயிரு போச்சுடி எனக்கு." ரிதம்பராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே வெட்கமும் பிடுங்கித் தின்றது.

"மன்னிச்சுடு சாச்சி."

"சீ, விடு. வண்டி இருக்குல்ல." சாச்சி படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றி மெதுவாக இறங்கினாள். பாதியில் நின்று, "ஆமா, நீ ஆபீசராகி உக்காரும்போது என்னை மாதிரி ஒருத்தி வருவாளே. அப்பவும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு பேசுவியா?" என்று கேட்டாள்.

ரிதம்பரா யோசித்துத்தான் சொன்னாள். "அங்க உக்காந்தா ரெண்டு பக்கமும் கேட்டுத்தான் ஆகணும் சாச்சி. ஆனா கேட்டுட்டு நழுவ மாட்டேன். ஒண்ணைச் சொல்லிடுவேன்."

"கேளு, நல்லாக் கேளு. ஆனா நிக்க வெச்சுக் கேக்காத. இவ்வளவு நேரம் நின்னு என் முட்டி கழண்டு போச்சு."

ரிதம்பராவுக்குச் சுருக்கென்றது. சபர்வாலின் மேசைக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. உள்ளே போனதும், நேர்முகத்துக்குப் பழகியபடி, 'நன்றி சார்' என்று சொல்லி அதில் உட்கார்ந்தவள் இவள்தான்.