தூறலின் குரல்

ஒரு காலத்தில் ஜன்னல் திரையை முதுகில் கட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் ‘இடிமுழக்கம்’ என்ற சாகச வீரனாகப் பறந்தவர், இப்போது அதே வேஷத்துக்குக் கார்ட்டூனில் குரல் கொடுக்க ஒலிப்பதிவு அறையில் நின்றார். கூடவே ‘தூறல்’ என்ற எடுபிடியாகப் பறந்த நண்பன் போன மாதம்தான் போய்ச் சேர்ந்திருந்தான்.

தனியாகப் பேசியதில் ஒரு நகைச்சுவையும் எடுபடவில்லை. தூறல் உளறி முடித்த பிறகு திட்டித்தான் அவருக்குப் பழக்கம். அதனால் அவனுடைய வசனத்தையும் அவன் கீச்சுக் குரலிலேயே சொல்லிவிட்டுத் திட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அப்படியே அவர்தான் சார்! ரெண்டு பேருக்கும் நீங்களே பேசிடுங்க. வேற ஆளே தேட வேண்டாம்.”

“தேடினா மட்டும் கிடைச்சுடுவானாக்கும்!” என்று எரிந்து விழுந்தாலும், மளமளவென்று பேசித் தள்ளினார். கடைசிக் காட்சி வந்தது. இடிந்த கட்டடத்துக்குள் இடிமுழக்கம் தோழனைத் தேட வேண்டும்.

“டேய் தூறல், இருக்கியாடா?”

தாளில் அடுத்த வரி, ‘இங்கதான் இருக்கேன் அண்ணே.’ வாயைத் திறந்தார். கீச்சுக் குரல் வரவில்லை.

“சார், உங்க வசனம்தான்.”

“இல்லம்மா,” என்றார். “அது அவனோடது.”