பாட்டுக்கு அடியில்

போட்டோவில் இருப்பவரோடு போட்டி போடுவது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத்தான் தெரியும். இருபத்து நாலு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்கு வயசாகாது, தொப்பை விழாது, குறட்டை கிடையாது. என் மனைவியின் முதல் கணவர். மகளுக்கு ஒரு வயசு முடிந்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். அவளுக்கு இரண்டரை வயசாகும்போது நான் வந்தேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் குழப்பிக்கொண்டதே இல்லை. நான் அப்பா, அவர் போட்டோ அப்பா.

இந்தப் போட்டியில் என் கையில் ஒரே ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. மகள் முதன்முதலாக 'அப்பா' என்று கூப்பிட்டது என்னைத்தான். காக்கா, தண்ணி, செருப்பு என்று எல்லாம் பேசிய குழந்தைக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவே இல்லையாம். "முதல்ல சொன்னது உங்களைத்தான்" என்று மனைவியே சொன்னாள். நான் நடத்துவது டிவி ரிப்பேர் கடை. ரிமோட்டுக்கு பேட்டரி வாங்க வந்தவர்கள்கூட அந்தக் கதையைக் கேட்காமல் திரும்பியதில்லை.

போன மாதம் மகள் ஒரு அட்டைப்பெட்டியோடு கடைக்கு வந்தாள். உள்ளே மூன்று வீடியோ கேசட். போட்டோ அப்பா தன் சொந்த கேமராவில் எடுத்தவை. மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். பிறக்கப்போகும் குழந்தைக்குக் காட்ட வேண்டுமாம், கம்ப்யூட்டரில் ஏற்றித் தர வேண்டுமாம். கேசட் ஓட்டும் டெக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்க, கையோடு விரல் நீளத்தில் ஒரு யுஎஸ்பி குச்சியும் வாங்கி வந்திருந்தாள். கூடவே வரும் சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் என்று டப்பாவில் போட்டிருந்தது.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் குச்சி மேலா கேசட் மேலா என்று கேட்காதீர்கள். குச்சி வாங்குமுன் டெக்கைப் பார்க்க வேண்டும், டெக் ஒழுங்காக இல்லாவிட்டால் எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் படம் நெளியும், தானே பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேர் படத்தை நசுக்கிச் சின்னதாக்கித்தான் தரும், முதலில் சுருக்காமல் பெரிய ஃபைலாக எடுத்துவிட்டு அப்புறம்தான் சுருக்க வேண்டும் என்று கால் மணி நேரம் பொரிந்து தள்ளினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதனால்தான் உங்களிடம் கொண்டு வந்தேன் என்றாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"அவர் முகம் ஒரு இடத்துலயும் இல்லப்பா. கேமராவுக்குப் பின்னாடியே நின்னுட்டாரு. குரலாவது இருக்கும்னு பாத்தா, அம்மா அதுவும் இல்லேங்கறாங்க."

குரல் போன கதையை மனைவி எனக்கும் சொல்லியிருந்தாள். கேசட்டுக்குப் பாட்டுப் போட்டு ஒரு காப்பி வேண்டும் என்று அவர் ஸ்டுடியோவில் கொடுத்தாராம். ஸ்டுடியோக்காரர் காப்பி எடுக்காமல் ஒரிஜினலிலேயே சினிமாப் பாட்டை ஏற்றித் தந்துவிட்டார். மூன்று கேசட்டிலும் முதலிலிருந்து கடைசி வரை பாட்டுத்தான். வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

ஆனாலும் தொழில் தொழில்தானே. கடையில் இரண்டு டெக் இருந்தன. பழையதில் போட்டபோது பாட்டு கணீரென்று வந்தது, படம்தான் மேல் ஓரத்தில் கொடி மாதிரி ஆடியது. அதனால் அலமாரியிலிருந்து நல்ல டெக்கை இறக்கி, நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, அதில் மாட்டினேன். படம் நிமிர்ந்து நின்றது.

பாட்டைக் காணோம். ஃபேன் சத்தம் கேட்டது. ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம். பிறகு ஓர் ஆணின் குரல்.

இந்த வகைக் கேசட்டில் சத்தம் இரண்டு இடத்தில் பதியும். நாடாவின் ஓரத்தில் மெல்லிய கோடாக ஒன்று. கேமரா உயர்ந்த ரகமாக இருந்தால் படத்துக்கு அடியிலேயே இன்னொன்று. பாட்டுப் போடுகிறவர் ஓரத்தில் இருப்பதை மட்டும்தான் அழிக்க முடியும். சாதாரண டெக் அந்த ஓரத்தைத்தான் படிக்கும். நான் அலமாரியிலிருந்து இறக்கியது ஹை-ஃபை டெக், அது அடியில் இருப்பதைப் படிக்கும். இத்தனை வருஷம் தொழில் செய்த எனக்கே அது மறந்துபோயிருந்தது.

"அப்பா சொல்லு. எங்க, அப்பா?" என்றது குரல். திரையில் பத்து மாதக் குழந்தை, வாயெல்லாம் எச்சில். கேமராவை அண்ணாந்து பார்த்து, "ப்பா" என்றது. இன்னொரு முறை, தெளிவாக, "அப்பா."

"கேட்டியா? யாரைச் சொல்றா?"

ஒரு பெண் சிரித்தாள். "உங்களைத்தான்."

என் மனைவி. அப்படி ஒரு சிரிப்பை நான் என் வீட்டில் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. செத்த மனுஷன் மேல் பொறாமைப்படுகிறோமே என்ற வெட்கம்கூட வரவில்லை. டெக்கின் முகப்பில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதை 'ஹை-ஃபை'யிலிருந்து 'நார்மலு'க்குத் தள்ளினேன். பாட்டு வந்தது. மூன்று கேசட்டையும் அப்படியே பாட்டோடு ஏற்றி முடித்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே, என்னை யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது கேசட் முடிந்தபோது ஹெட்டில் பழுப்பாகப் பொடி ஒட்டியிருந்தது. நாடா உதிர ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு ஓட்டம் தாங்கும், அதற்கு மேல் சந்தேகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் வீட்டு டிவியில் பார்த்தோம். படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று மகள் என்னைப் புகழ்ந்தாள். அந்த இடம் வந்ததும் நிறுத்தினாள், பின்னால் ஓட்டினாள், மறுபடி பார்த்தாள்.

"இங்க நான் என்னமோ சொல்றேன்லம்மா. என்ன சொன்னேன்?"

மனைவி டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஞாபகமில்லம்மா. காக்கான்னு இருக்கும்."

மகள் இன்னொரு முறை ஓட்டினாள். குழந்தையோடு சேர்ந்து தானும் வாயை அசைத்துப் பார்த்தாள்.

"காக்கான்னா உதடு ஒட்டாதேம்மா."

மனைவி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிரிப்பும் ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷமும் அதை விழுங்கிவிட்டுத்தான் என்னிடம் 'முதல்ல சொன்னது உங்களைத்தான்' என்று சொல்லியிருக்கிறாள். இப்போதும் என் முகத்துக்காக, பெற்ற மகளிடம் அவருக்குக் கிடைத்த அந்த ஒரே வார்த்தையை இல்லையென்று சொல்லிவிட்டுப் போகிறாள். நான் பெருமையாகச் சொல்லித் திரிந்த கதைக்கெல்லாம் அவள் பக்கத்தில் நின்று தலையாட்டியதை நினைத்தேன். கூசிப்போனேன்.

"செருப்பைப் போடு. கடைக்குப் போலாம்," என்றேன் மகளிடம்.

கடையைப் பாதி திறந்து, அவளுக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். கேசட்டை மாட்டினேன். கம்ப்யூட்டரில் பதிவை ஓடவிட்டேன். சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"பாட்டுக்கு அடியில அவர் பேசறாரும்மா. முதல் நாளே கேட்டுட்டேன். உங்கிட்ட மறைச்சுட்டேன்."

ஏன் என்று கேட்பாள் என்று பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. ஸ்டூலை டெக்குக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சுவிட்சைத் தள்ளினேன். பாட்டு அறுந்தது. ஃபேன் ஓடியது, நாற்காலி இழுபட்டது, அவர் பேச ஆரம்பித்தார். மகள் ஸ்பீக்கருக்குக் காதைக் கொடுத்துக் குனிந்தாள். வயிறு இடித்தது, ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டாள்.

திரையில் குழந்தை, "அப்பா" என்றது.

"அப்பா," என்றாள் இவளும், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சவுண்டை ஏத்துங்கப்பா. அவர் பேசறது சரியாக் கேக்கல."

வயிறு எரிந்தது. ஏற்றினேன்.