ஐந்நூறு மணி நேரம்

விளம்பரத்தில் ஐந்நூறு என்று போட்டிருந்தார்கள். போன வருஷம் வரை இருநூற்றைம்பது போதும். இப்போது விமானக் கம்பெனி புதிதாக எடுக்கும் கோ-பைலட் ஐந்நூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கடைசி ஆறு மாதத்துக்குள்ளும் பறந்திருக்க வேண்டும்.

என்னிடம் லைசென்ஸ் இருந்தது. பறந்தது இருநூற்று அறுபது மணி. வேலை கிடைத்தால்தான் மணி ஏறும். மணி ஏறினால்தான் வேலை கிடைக்கும்.

ஜூஹூ ஃப்ளையிங் கிளப்பில் ஜஹாங்கீரிடம் பத்திரிகையைக் காட்டினேன். எனக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்த பார்சிக்காரர். 'டிக்ரா', மகனே, என்றுதான் கூப்பிடுவார். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"ஏர்ஃபோர்ஸை விட்டு வர்ற பசங்க ஆயிரம் மணியோட வரிசையில நிக்கிறாங்க, டிக்ரா. உன்னை எதுக்கு எடுக்கணும்? சில பேர் லாக் புக்குல பொய்க் கணக்கு எழுதி, பேனாவாலயே நூறு மணி பறந்துடறாங்க. என்கிட்ட அது நடக்காது. கடைசியா எப்போ ஏறினே?"

"ஆகஸ்டில்."

"பொண்டாட்டி போனப்புறம் ஏறவே இல்லை. பிப்ரவரி தாண்டிச்சுன்னா இருக்கிற மணியும் செல்லாது. தெரியுமில்லே?"

தெரியும். ஆனால் இந்த வருஷம் ரூபாய் மதிப்பைக் குறைத்ததிலிருந்து கிளப் வாடகை ஏறிவிட்டது. என் சம்பளத்தில் மாதம் ஒரு மணி நேரம்கூடப் பறக்க முடியாது.

என் மனைவி வாலாம்பாள் ஆகஸ்ட் கடைசியில் மஞ்சள்காமாலையில் போனாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். குழந்தை இல்லை. அவளுக்குச் செய்ய வேண்டிய கர்மா எல்லாம் என் கையால்தான். செம்பூரில் என் ஒற்றை அறையில் ஹோமம் வளர்க்க இடமில்லை. அதனால் மாதாமாதம் அவள் திதியில் மாட்டுங்காவுக்கு, மாமனார் வீட்டுக்குப் போய் மாசிகம், அந்த மாதத்துத் திவசம், பண்ணுவேன். மற்ற நாளெல்லாம் டிராம்பேயில் எண்ணெய்க் கம்பெனிக் குமாஸ்தா.

கார்த்திகை மாசிகம் முடிந்து இலையில் உட்கார்ந்தபோது மாமனார் வேங்கடசுப்ரமணியன் பேச்சை எடுத்தார்.

"மாப்பிள்ளே, பண்ணிவைக்கிற வாத்தியார்ட்ட கேட்டாச்சு. பாக்கி மாசிகத்தை எல்லாம் ஒரே நாள்ல இழுத்துப் பண்ணிடலாமாம். வருஷம் முடிஞ்ச கணக்காயிடும். தையில முகூர்த்தம் இருக்கு."

"யாருக்கு?"

"நன்னா கேட்டேள் போங்கோ. உங்களுக்குத்தான். விசாலத்தையே உங்களுக்குப் பண்ணிக் கொடுத்துடறோம். யாரோ ஒருத்தி வந்து வாலாம்பாள் பாத்திரத்தைத் தொடறதுக்கு, அவ தங்கை தொடட்டுமே. நீங்க சொன்ன அந்த ஐந்நூறு மணிக்கு எத்தனை குறையறதோ அதுக்கு நான் கட்டறேன். கெடு தாண்டறதுக்குள்ள ஏறிடுங்கோ."

விசாலம் என்கிற விசாலாக்ஷி அவருடைய இரண்டாவது பெண். ரசம் கொண்டு வந்தவள் எனக்கு ஊற்றாமலே உள்ளே போய்விட்டாள்.

எட்டு மாதத்தை ஒரே காலையில் முடிக்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். இருநூற்று நாற்பது மணியை அப்படி முடிக்க முடியாது. ஒவ்வொன்றையும் பறந்தாக வேண்டும். அதற்குக் கட்ட ஒருத்தர் கிடைத்திருந்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது விசாலம் மாடிப்படியில் என்னை மடக்கினாள்.

"அத்திம்பேர், யாராவது ஏரோப்ளேன் வாங்கிக் கொடுத்தா யாரை வேணா கல்யாணம் பண்ணிப்பேளா?"

"ஏரோப்ளேன் இல்லை. மணி நேரம்தான்."

"அதுக்கு நான் என்ன பெட்ரோலா?"

நான் ஒரு படி இறங்கினேன். அவளும் இறங்கினாள்.

"மார்ச்சில எனக்கு பி.எஸ்ஸி. பரீட்சை. அப்புறம் டிராம்பேயில அணு ஆராய்ச்சி டிரெயினிங்குக்கு அப்ளை பண்ணப்போறேன். மாட்டேன்னு அப்பாட்ட சொல்லியாச்சு. சின்னப் பொண்ணு, போகப் போகச் சரியாயிடும்னுட்டார். நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

"சொல்றேன்."

"எப்போ?"

"ஞாயிற்றுக்கிழமை."

"நானும் ஆத்துலதான் இருப்பேன். பாக்கறேன்."

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். உங்கள் பெண் வேண்டாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஒரு பெண்ணைக் கொடுத்து, அவளுக்கு நான் கொள்ளி வைப்பதையும் பார்த்தவர். யார் மனமும் நோகாத காரணம் வேண்டும். பைலட்டாக முடியாதவனுக்கு மணி நேரம் எதற்கு? மணி நேரம் இல்லையென்றால் இந்தப் பேச்சும் நின்றுவிடும். அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஊஞ்சலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"கண் டெஸ்டில் தேறலை," என்றேன். "இனிமே பறக்க விடமாட்டா. நீங்க பணம் கட்டி பிரயோஜனம் இல்லை."

பேப்பர் கீழே நழுவியது. எழுந்து வந்தார். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் காதுகளில் மாட்டினார்.

"இதுல தெரியறதா பாருங்கோ."

அவர் முகம் வீங்கிப்போய், மிக அருகில் தெரிந்தது.

"போறது போங்கோ. நேக்கு உள்ளூர பயம்தான் ஆக்கும். ரெண்டாவதையும் கொடுத்துட்டு, தினம் ஆகாசத்தைப் பாத்துண்டு உக்காரணுமேன்னு. டிராம்பே உத்யோகம் போறும். கண் இப்படி இருக்கறச்சே ஒத்தைல இருக்கலாமா? இப்பத்தான் ஆள் வேணும். தையிலேயே வெச்சுக்கலாம்."

கண்ணாடி வழியாகப் பார்த்தால் அடுக்களை வாசலில் விசாலம் கலங்கலாக நின்றிருந்தாள். முகம் தெரியவில்லை.

கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்லை. பொய் சொன்னேன். விசாலத்தை நான் பண்ணிக்கலை. யாரையும் பண்ணிக்கலை. மாசிகத்தையும் இழுக்க வேண்டாம். அந்தந்த மாசம் பண்றேன்."

அவர் வெகுநேரம் கண்ணாடியை வேஷ்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போறது. நான் என்ன கழுத்தையா பிடிச்சேன்? கண்ணு போச்சுன்னு சொன்னதும் நான் என்ன பாடு பட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா?" மாட்டிக்கொள்ளப் பார்த்தார். ஒரு காதில் சரியாக உட்காரவில்லை. "மாசிகத்துக்கு வாங்கோ. அதுக்கு மட்டும் வந்தாப் போறும்."

விசாலம் வாசல் வரை வந்தாள். நான் செருப்பை மாட்டும் வரை நின்று, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.

பிப்ரவரியில், நான் ஏறாமலே, கெடு முடிந்தது. அந்த வாரத்திலேயே மாசிகமும் வந்தது. விசாலம் பரீட்சைக்குப் படிக்க லைப்ரரிக்குப் போயிருந்தாள். மாமனார் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்தார். அரிசி ரேஷனைப் பற்றி வாத்தியாரிடம் பேசினார்.

"மோர் விட்டுக்கோங்கோ," என்றார் என்னிடம், கடைசியில்.

விட்டுக்கொண்டேன்.