பின்சக்கரத்துக் காற்று

படகுக்காரருக்குத் தன் மைத்துனன் மேல் சந்தேகப்படப் பெரிய காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. அவன் டயர்க்கடை வைத்திருந்தான், அதுவே போதும். இப்போது பிக்கப் வண்டிக்கு நாலு புது டயரும் அவனிடமே வாங்கித் தொலைக்க வேண்டியதாயிற்று. பழுதான படகுகளை ட்ரெய்லரில் ஏற்றிப் பட்டறைக்கு இழுத்து வருவதுதான் அவர் பிழைப்பு. பக்கத்து இருக்கையில் எப்போதும் மனைவி வருவாள். படகின் ஓட்டையில் ஃபைபர் ஒட்டுவது அவள் வேலை.

"இது கனம் தாங்குற டயர் மாமா. படகு இழுக்கறப்ப பின்டயர்ல காத்து எழுபது பவுண்டு இருக்கணும். காத்து கம்மியா இருந்தா டயர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிச்சிடும்," என்றான் மைத்துனன்.

"கதவுல நாப்பத்தஞ்சுன்னு ஒட்டியிருக்கே?"

"அது வண்டியோட வந்த டயருக்கு. அதைத்தான் கழட்டிப் போட்டாச்சே."

படகுக்காரர் மண்டையை மண்டையை ஆட்டினார். வண்டி செய்தவனைவிட இவனுக்கு அதிகம் தெரிந்துவிட்டதாக்கும். காற்று கூடினால் டயர் நடுவில் மட்டும் தேயும். சீக்கிரம் தேய்ந்தால் யார் கடை வாசலில் போய் நிற்பது? பட்டறைக்கு வந்ததும் முதல் வேலையாக வால்வில் ஆணியை வைத்து அழுத்தினார். நாற்பத்தைந்துக்கு இறங்கிய பிறகுதான் அவர் வயிற்றெரிச்சல் அடங்கியது.

மறுநாள் காலை காற்றளவு கேஜ் வைத்துப் பார்த்தால் எழுபது. கேஜை உள்ளங்கையில் தட்டிவிட்டுப் பார்த்தார், அப்போதும் எழுபது. காற்று தானாக இறங்கிக் கேள்விப்பட்டிருக்கிறார். தானாக ஏறியதாக யாரும் சொன்னதில்லை. படகுச் சொந்தக்காரர் அவசரப்படுத்தியதால் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே ஓட்டினார். சாயங்காலம் இறக்கினார். விடிந்தால் மறுபடியும் எழுபது.

அன்றும் இறக்கிவிட்டு, அடுத்த நாள் விடியும்போதே பட்டறைக்குப் போய்க் கவிழ்த்து வைத்த படகின் பின்னால் உட்கார்ந்துகொண்டார். நினைத்தது சரியாகப் போயிற்று. மைத்துனன் சின்னக் கம்ப்ரஸரோடு வந்து பின்சக்கரத்துப் பக்கத்தில் குத்துக்காலிட்டான்.

"மாட்டினியா? என் டயரைத் தேய்க்க உனக்கு இவ்வளவு பாடா?"

மைத்துனன் திடுக்கிட்டு எழுந்தான். "நீங்க எப்படியும் இறக்கிடுவீங்கன்னு தெரியும் மாமா. டயர் தேயறதா எனக்குக் கவலை? பக்கத்து சீட்ல எங்க அக்கா உக்காந்து வர்றா."

"அக்கா பேரைச் சொல்லி வியாபாரமா? இனிமே இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. காற்று அடிக்காமலே கிளம்பிவிட்டான். படகுக்காரருக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

அன்றைக்குக் கிடைத்தது பெரிய படகு. ட்ரெய்லரைக் கொக்கியில் மாட்டியதும் வண்டியின் பின்புறம் தாழ்ந்தது. வெயில் கொளுத்தியது. "ரப்பர் தீயற வாடை வருதுங்க," என்றாள் மனைவி. "முன்னாடி போற லாரியா இருக்கும்," என்றார். இறக்கத்தில் இடது பின்டயர் வெடித்தது. படகு ஒரு பக்கம் இழுக்க, வண்டி ஒரு பக்கம் திரும்பி, அவள் உட்கார்ந்திருந்த பக்கமாகவே மண்மேட்டில் போய் மோதியது.

அவருக்குக் கீறல்கூட இல்லை. அவளுக்கு இடது கை முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தவளிடம் அவர் முந்திக்கொண்டு சொன்னார்: "எல்லாம் உன் தம்பி குடுத்த டயர்."

அப்போதுதான் ஓடி வந்த மைத்துனன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறான் என்று படகுக்காரர் பயந்தார். அவனோ அக்காவின் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாக்கா. இன்னைக்கு நான் காத்து அடிக்காம விட்டுட்டேன். என் தப்புதான்."

இதில் என்ன உள்குத்து என்று அவர் தேடித் தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவன் அடிக்கத்தான் வந்தான். நான்தான் விரட்டிட்டேன். காத்தை இறக்கினதும் நான்தான்," என்றார்.

மனைவி தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"நான் உன் வண்டியிலேயே வீட்டுக்கு வர்றேன்டா."