மஞ்சள் கயிறு கட்டிய சிபியு

காலேப் தன் கடைக்கு வருகிற எந்தக் கம்ப்யூட்டரையும் முதலில் திறந்து ஊதிவிட்டுத்தான் மறுபேச்சுப் பேசுவான். திருத்தணி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் அந்தக் கடை வைத்து ஆறு வருஷம் ஆகிறது. பொதட்டூர்பேட்டையிலிருந்து வரும் மெஷின்களுக்குள் தறிப் பஞ்சு இருக்கும். கனகம்மாசத்திரத்து மெஷின்களுக்குள் ரோட்டுப் புழுதி இருக்கும். மூடியைக் கழற்று, புளோயரை வை, அப்புறம் வியாதியைக் கேள். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு மெஷினைத்தான் அவன் திறக்காமலே தீர்ப்புச் சொன்னான். அது போயும் போயும் கணேஷ்ராமின் மெஷினாகவா இருக்க வேண்டும்?

கணேஷ்ராம், மலைக்கோயில் மடப்பள்ளியில் பொங்கலும் புளியோதரையும் செய்கிற ஷண்முகசுந்தரத்தின் ஒரே பிள்ளை. காலேபும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பதினாலு வயதில் அவனுக்குக் கால் தடுக்கத் தொடங்கியது. தசை கரைகிற நோய் என்று வேலூரில் சொன்னார்கள். இருபத்திரண்டு வயதில் சக்கர நாற்காலி வந்துவிட்டது. “மருந்தெல்லாம் கிடையாது. விரல் ஓடுகிற வரைக்கும் ஓட விடுங்கள், சும்மா வைத்துவிட்டால் திரும்பாது” என்றார் டாக்டர். அதற்காகவே 2001-இல் காலேப் சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, சாமான் வாங்கி வந்து அவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்தான். அதில் ஒரு கார் பந்தய விளையாட்டைப் போட்டான். நாலே நாலு கீ, அவ்வளவுதான். எழுந்து நிற்க முடியாதவன் அதில் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் பறந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேரே அங்கே போகிற காலேப் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. “நடக்கத் தெரிஞ்சா போதுமா, ஓட்டக் கத்துக்கினு வாடா” என்று கணேஷ்ராம் அவனை ஓட்டி எடுப்பான்.

பிறகு காலேபுக்குக் கல்யாணம் ஆயிற்று, கடையில் வேலை கூடிற்று, ஞாயிற்றுக்கிழமைகள் நழுவின. 2005-இல், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த வாரம் போன் வந்தது.

“காலேபு, நாலு மாசமா வண்டி சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுடா. வளைவுல நான் அமுக்கறேன், அது யோசிச்சு யோசிச்சு திரும்புது. பிராசசர் பழசாயிடுச்சு. ஒன்னு புள்ளி ஏழு கிகாஹெர்ட்ஸ் எத்தினி நாளைக்குத்தான் இழுக்கும்? ரெண்டு புள்ளி எட்டு போட்டுடலாமா?”

“மதர்போர்டு தாங்கும். வந்து பாக்கறேன்.”

“இன்னொன்னு.” கணேஷ்ராமின் குரல் இறங்கியது. “மெஷின்தான் காரணம்னா மாத்து. என் கைதான் காரணம்னா எங்கிட்ட நேரா சொல்லிடு. டாக்டரு மாதிரி மென்னு முழுங்காத. அத்தோட விட்டுடறேன்.”

மறுநாள் காலை காலேப் போனான். கூடத்தில், சாமி அலமாரிக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர். சிபியு பெட்டியைச் சுற்றி மஞ்சள் கயிறு. அதில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய்க் காசு. பெட்டி முழுக்க விபூதிப் பட்டை.

“வேண்டிக்கினு கட்டியிருக்கேன் கண்ணு” என்றாள் கணேஷ்ராமின் அம்மா ஜம்பகம். “கிருத்திகைக்குக் கிருத்திகை மலை விபூதி கொணாந்து அவன் விரல்ல பூசிட்டு இதுக்கும் பூசறேன். பிராசசருன்னு உள்ள ஒரு உயிர் இருக்குதாமே, அதுக்கும் சேர்த்துத்தான் வேண்டுதல்.”

மூடியைத் திறக்க வேண்டுமென்றால் கயிற்றை அவிழ்க்க வேண்டும். காலேப் கையை நீட்டி, மடக்கிக்கொண்டான். சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் புளியோதரை தின்று வளர்ந்தவன்தான். ஆனால் சாமி சாமான் எதையும் அவன் தொட்டதில்லை. தொடாதே என்று யாரும் சொன்னதும் இல்லை. வேதக்காரப் பிள்ளை, நாமாகத் தள்ளி நிற்பதுதான் மரியாதை என்று வைத்திருந்தான். ‘அம்மா, இதை அவிழ்க்கட்டுமா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளே அவிழ்த்துக் கொடுத்திருப்பாள். பாழாய்ப்போன மரியாதை!

திறக்காமல் ஸ்விட்சை மட்டும் போட்டான். தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. அவன் வாழ்நாளிலேயே அவ்வளவு சீக்கிரம் முடித்ததில்லை. மெஷினில் கோளாறு ஒன்றும் இல்லையே, அப்படியென்றால்?

ஜம்பகம் காபி கொண்டுவந்தாள். கடைக் கதை, குழந்தை கதை என்று அரை மணி நேரம் போயிற்று. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் கணேஷ்ராம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து கீபோர்டில் கை வைத்தான்.

காலேப் திரையைப் பார்க்கவில்லை. விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மெலிந்துபோன விரல்கள். மோதிர விரல் லேசாக நடுங்கியது. கணேஷ்ராம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். காலேபைவிடப் பத்தொன்பது விநாடி பின்தங்கி முடித்தான்.

“என்னடா சொல்ற?”

புதுப் பிராசசரைப் போட்டுவிடலாம். போட்ட பிறகும் வண்டி திரும்பவில்லையென்றால்? அப்போது பழிபோட ஒன்றுமே மிஞ்சாது; அந்த அடி இதைவிடப் பலமாக விழும். போர்டு தாங்காது என்று புளுகிவிட்டுத் தப்பிக்கலாம். ஆனால் நேராகச் சொல் என்று கேட்டவன் சிநேகிதன்.

“இந்தப் பிராசசரே போதும்டா. மாத்த வேணாம்.”

கணேஷ்ராம் அவனைப் பார்த்தான். “ஆங்” என்றான். வலது கையை இடது கையால் பிடித்து, கீபோர்டிலிருந்து எடுத்து, மடியில் வைத்துக்கொண்டான்.

அன்றோடு விட்டுவிட்டான். விளையாட்டை மட்டுமா? பேப்பர் புரட்டுவதில்லை, டிவி ரிமோட்டைத் தொடுவதில்லை. “ஸ்பூன்கூட புடிக்க மாட்டேங்கறான் காலேபு, ஊட்டிவிடுன்றான்” என்று ஜம்பகம் கடைக்கே வந்து அழுதாள். காலேப் இரண்டு தடவை போய்க் கெஞ்சினான். “போன கையைப் போட்டு எதுக்குடா இம்சை பண்ற?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான் கணேஷ்ராம். பொங்கல் கழிந்து சொல்லி அனுப்பினான்: மெஷினைத் தூக்கிக்கொண்டு போ, கண்ணெதிரே இருக்க வேண்டாம்.

ஜம்பகமே கயிற்றை அவிழ்த்து, காசை உண்டியலுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள். காலேப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்து மூடியைக் கழற்றினான்.

உள்ளே வெள்ளையாக இருந்தது.

பிராசசர் மேல் ஒரு சின்ன விசிறி, அதன் அடியில் சூட்டை இழுத்து வெளியே விடுகிற அலுமினியத் தகடுகள். அந்தத் தகடுகளின் இடுக்கு ஒவ்வொன்றிலும் விபூதி. சாமி விளக்கின் எண்ணெய்ப் புகை பட்டுப்பட்டு அது சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகியிருந்தது. புளோயருக்கு அசையவில்லை, ஸ்க்ரூ டிரைவரால் சுரண்ட வேண்டியிருந்தது. பெட்டியின் பக்கத்தில் காற்றுப் போகிற ஓட்டைகளைச் சுற்றிலும் விரல் தடம். வெளியே பூசியது போதாதென்று, கிருத்திகை தவறாமல் உள்ளே இருக்கிற உயிருக்கும் ஒரு சிட்டிகை போட்டிருக்கிறாள் அம்மா. வண்டி திணறத் திணற, கூடவே போட்டிருப்பாள்.

இனி அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூடு ஏறினால் அந்த வகைப் பிராசசர் எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் போட்டவுடன் ஓட்டியது காலேப். அரை மணி நேரம் வெந்த பிறகு ஓட்டியது கணேஷ்ராம். திரையை ஒரு தரம் பார்த்திருந்தாலே வண்டி திணறுவது தெரிந்திருக்குமே, பாவி! தலையில் அடித்துக்கொண்டான். சுத்தம் செய்து, சூடு கடத்தும் பசை தடவி, மறுபடி பூட்டி ஓடவிட்டான். சாயங்காலம் வரை அந்த ஒன்று புள்ளி ஏழு ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

ஆட்டோவில் பெட்டியை மடிமேல் வைத்துக்கொண்டு போனான். கூடத்தில் பழைய இடத்திலேயே பூட்டினான். ஜம்பகம் பக்கத்தில் வந்து நின்றாள். வழியெல்லாம் நினைத்து வைத்திருந்த பேச்சு அவள் முகத்தைப் பார்த்ததும் வாயில் செத்துப்போயிற்று. விபூதி என்று எப்படிச் சொல்வது?

“நீ சொன்னதுதான்டா சரி” என்றான். “பிராசசருதான் கெட்டுப்போயிருந்துச்சு. நான்தான் ஒழுங்கா பாக்காம விட்டுட்டேன். ரெண்டு புள்ளி எட்டு போட்டுக்கினு வந்துட்டேன். ஓட்டிப் பாரு.”

கணேஷ்ராம் அம்மாவைப் பார்த்தான். அவள் அவன் கையைத் தூக்கிக் கீபோர்டில் வைத்தாள்.

பந்தயம் தொடங்கியது. மற்ற கார்களெல்லாம் போய்விட்டன. கணேஷ்ராமின் விரல் கீ மேல் இருந்தது. புறங்கை நரம்பு புடைத்தது, நெற்றியில் வேர்த்தது. கீ இறங்கவில்லை. அவன் கார் கோட்டிலேயே நின்றது.

“அப்போ அன்னிக்கு என் கை நல்லாத்தான் இருந்துச்சா?”

காலேபுக்குக் கண்ணை மறைத்தது. “ஆங்” என்றான்.

“எடும்மா கையை” என்றான் கணேஷ்ராம்.

ஜம்பகம் அவன் கையை எடுத்து மடியில் வைத்தாள். முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள். பிறகு சாமி அலமாரிக்குப் போய் விபூதிச் சம்புடத்தை எடுத்து வந்தாள்.

“புது உயிர் போட்டிருக்குதாமே” என்று சொல்லிக்கொண்டே, பெட்டிப் பக்கத்து ஓட்டையில் ஒரு சிட்டிகை போட்டாள். காலேப் தடுக்கவில்லை.