இளஞ்சிவப்பு மூடி

அன்று அறையில் நாலு பேர். பல் வைத்தியக் கதிரையில், வீங்கிய கன்னத்துடன் பெர்னடெட். அவள் தலைமாட்டில், முக்காலியில், டொக்டர் மகாதேவி. வாசலோரத்து நீண்ட மரவாங்கில் பெர்னடெட்டின் தாய் கத்தரீனா, குருநகரிலிருந்து வெயிலில் நடந்துவந்த களையோடு. யன்னலடி மேசையில், பேப்பரை விரித்தபடி, அந்த டிஸ்பென்சரியின் மூத்த வைத்தியர் கதிரவேலு.

பெர்னடெட்டுக்கு நொந்தது சிரித்தால் தெரிகிற பல். பிடுங்காமல், வேரைத் துப்புரவாக்கிக் காப்பாற்றலாம் என்று வாக்குக் கொடுத்தவள் மகாதேவி. வேர் ஆறும்வரை உள்ளே மருந்து வைத்து, பல்லைத் தற்காலிகமாக அடைத்துவைக்க வேண்டும். அதற்கு அங்கே இரண்டு சாமான் இருந்தன. வெள்ளைத்தூளைக் கராம்பெண்ணெயில் குழைத்து அடைத்தால் இறுகிப் பிடிக்கும். ஆனால் குழைக்கவும் இறுகவும் பொறுமை வேண்டும். குட்டாபேர்ச்சா என்ற இளஞ்சிவப்புக் குச்சியோ, விளக்கில் வாட்டி அழுத்தினால் வேலை முடிந்தது. சூடு பட்டால் மறுபடி இளகும். கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி குடித்துப் பனங்கட்டி கடிக்கிற வாய்க்கு அது சரிவராது என்பது மகாதேவியின் எண்ணம்.

இணுவில் கோயில் திருவிழாவுக்கு லீவில் போகும்போது கதிரவேலுவிடம் அதைச் சொல்லிவிட்டே போனாள்.

"அண்ணை, பெர்னடெட் வந்தால் மருந்தை மாத்திப்போட்டு, கராம்பெண்ணெய்க் குழையலாலையே மூடிவிடுங்கோ."

"ஓம், ஓம். நீர் போய்த் தேரைப் பாரும்" என்றார் கதிரவேலு. பேராதனையில் அவருக்குக் கீழ் வகுப்பில் படித்த காலத்திலிருந்தே அவர் ஓம் என்றால் அவளுக்கு அது போதும்.

இப்போது விளக்கைத் திருப்பிப் பார்த்தாள். பல்லில் மூடியே இல்லை. கருவியை வைத்ததும் சீழ் வந்தது.

"மூடி எப்ப கழண்டது, பெர்னடெட்?"

தாய் முந்திக்கொண்டாள். "தேத்தண்ணி குடிக்கேக்கை பனங்கட்டியோடை ஒட்டிக்கொண்டு வந்திட்டுது. றோசாப்பூ நிறத்திலை ஒரு துண்டு. இவள் அதையும் இனிப்பெண்டு சப்பிப்போட்டுத்தான் துப்பினவள்."

மகாதேவியின் கை நின்றது. "றோசா நிறமோ?"

"பின்னை? நீங்கள் சொல்லித்தானே உந்த டொக்டர் வைச்சவர். 'மகாதேவி டொக்டர் இதைத்தான் வைக்கச் சொன்னவ, சுடச்சுட என்னவும் குடிக்கலாம்' எண்டு சொல்லித்தான் எங்களை அனுப்பினவர்."

மகாதேவி யன்னல் பக்கம் திரும்பினாள். ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். பேப்பர் சற்று மேலே உயர்ந்தது.

"அவ பாக்கிற நோயாளிதானே" என்றார் கதிரவேலு, பேப்பருக்குப் பின்னாலிருந்து. "அவவின்ரை முறை அது."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை, அம்மா."

"ஆளை ஆள் காட்டாதையுங்கோ, தங்கச்சி. கூடைக்குள்ளை ஒண்டையொண்டு இழுக்கிற நண்டுகள் மாதிரி." கத்தரீனா எழுந்து மகளின் கையைப் பிடித்தாள். "வெள்ளிக்கிழமை பெரியாசுப்பத்திரியிலை புடுங்குவிக்கிறன். இனி உங்கடை கை படவேண்டாம்."

அவர்கள் போனபின் கதிரவேலு பேப்பரை மடித்தார். "அண்டைக்குச் சரியான சனம், மகாதேவி. குழைச்சுக்கொண்டிருக்க நேரமில்லை."

"அதை விடுங்கோ. என்ரை பேரை ஏன் சொன்னியள்?"

"நீர் இளம் ஆள். உமக்கு ஒரு பிழை வந்தால் சனம் மறந்திடும். எனக்கு வந்தால் மறக்குமே?"

புத்தி சொல்வதுபோல, அன்பாகவே சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

நேரே குருநகருக்குப் போனால் கத்தரீனா படலையைத் திறக்கமாட்டாள். கடிதம் என்றால் பெர்னடெட்டாவது வாசிப்பாள். மகாதேவி உட்கார்ந்து எழுதினாள். பல்லில் பிழையில்லை, மூடியில்தான் பிழை, பிடுங்குவிக்க வேண்டாம், நான் வைக்கச் சொன்னது வேறு, டொக்டர் கதிரவேலு வைத்தது வேறு, பெரியாசுப்பத்திரியிலேயே இந்தக் கடிதத்தைக் காட்டி, வேர் வைத்தியத்தைத் தொடரச் சொல்லுங்கள்.

எழுதி முடித்து அவர் பக்கம் நகர்த்தினாள். "இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ, அண்ணை."

அவர் வாசித்தார். பேனையைத் தொடவில்லை. "உந்தக் கடிதத்தை அனுப்பினால் நீர் பிறகு இஞ்சை இருக்கேலாது."

"ஓம்" என்றாள்.

தன் கையெழுத்தை மட்டும் இட்டு, தாளை மடித்து உறையில் வைத்து ஒட்டினாள். முத்திரை வாங்கி ஒட்டி, வெள்ளிக்கிழமைக்கு முன் கிடைக்கவென்று, கடைசித் தபால் எடுக்க முன்னமே பெட்டிக்குள் போட்டாள்.